ஒரு பக்க மூக்கடைப்பும் வெயில் படாத மெலனோமாவும்

கொழும்பில் ஒருவருக்கு மூக்கு அடைத்தால் அடுத்து என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. முதலில் கொத்தமல்லி அவித்துக் குடிப்பார். இரவில் வேது பிடித்து, சித்தாலேப பூசிக்கொண்டு படுப்பார். இரண்டு கிழமை போனால் பார்மசியில் ஒரு மூக்கு ஸ்ப்ரே வாங்குவார். அதற்கும் கேட்காவிட்டால் "உங்களுக்குப் பீனிசம்" என்று வீட்டிலேயே யாராவது தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அந்தத் தீர்ப்பு பிழையாவதும் இல்லை. ஒவ்வாமை, வளைந்த நடுச்சுவர், சைனஸ் அழற்சி என்று மூக்கடைப்புக்குச் சாதாரணக் காரணங்கள் ஏராளம்.

அந்தச் சாதாரணக் காரணங்களோடு சேராத ஒன்றும் இருக்கிறது. மூக்குக்குள்ளும், அதைச் சுற்றியுள்ள எலும்புக் குழிகளான சைனஸ்களுக்குள்ளும் வருகிற மெலனோமா அது. மிக அரிய புற்றுநோய்தான். ஆனால் பிடிபடும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். மறைவான இடத்தில் வளர்வது அதற்கு ஒரு காரணம். மூக்கு விஷயத்தில் நாம் காட்டுகிற அலட்சியம் இன்னொரு காரணம்.

மெலனோமா என்றதும், கடற்கரையில் வெயில் காயும் வெள்ளைக்காரருக்கு வருகிற தோல் புற்றுநோய் என்றுதான் படித்தவர்களும் நினைக்கிறார்கள். தோல் மெலனோமாவைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஆனால் மெலனோமா பிறக்கும் நிறமிக் கலங்கள் தோலில் மட்டும் இருப்பவை அல்ல. கரு வளரும் காலத்தில் முதுகுப்புறத்தில் உருவாகும் இக்கலங்கள் உடலெங்கும் பரவிச் செல்கின்றன. தோலுக்குப் போவது போலவே கண்ணுக்கும், வாய், மூக்கு, மலவாசல், பெண்ணுறுப்பு ஆகியவற்றின் ஈரமான உட்சவ்வுக்கும் போய்த் தங்குகின்றன. அங்கே ஒரு கலம் கட்டுமீறிப் பெருகினால் அதுவும் மெலனோமாதான். தோல் மெலனோமாவின் மரபணுக்களில் புறஊதாக் கதிர் விட்ட தழும்பு தெளிவாகத் தெரியும். மூக்கு மெலனோமாவில் அது பெரும்பாலும் காணப்படுவதில்லை. வெயில் படாத இடத்தில், வெயிலுக்குச் சம்பந்தமில்லாமல் வருகிற நோய் இது. புகை, தூசி, ஊதுபத்தி என்று எதையும் கைகாட்ட உறுதியான ஆதாரம் கிடையாது. அதனால் நோயாளியைப் பார்த்து "நீ இப்படி இருந்ததால்தான் வந்தது" என்று சொல்லவும் யாருக்கும் இடமில்லை.

மேற்கு நாடுகளின் கணக்கில் எல்லா மெலனோமாக்களிலும் உட்சவ்வில் வருபவை 100க்கு ஒன்று அளவுதான். அவற்றில் ஏறத்தாழப் பாதி தலை, கழுத்துப் பகுதியில் வருகின்றன, அதிலும் பெரும்பங்கு மூக்கிலும் சைனஸ்களிலும். சீனாவின் கணக்கில் உட்சவ்வு மெலனோமாவின் பங்கு 5இல் ஒன்று. இதைப் பார்த்துவிட்டு ஆசியர்களுக்கு மூக்கு மெலனோமா அதிகம் என்று பயப்பட வேண்டாம். வெயிலால் வரும் தோல் மெலனோமா கறுத்த, மாநிறத் தோலில் அரிது என்பதால் மற்ற வகைகளின் விகிதம் கூடித் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் இதில் நமக்கு ஒரு சேதி இருக்கிறது. நம்மைப் போன்றவர்களுக்கு மெலனோமா வந்தால், உள்ளங்காலிலோ நகத்தின் அடியிலோ இப்படி உட்சவ்விலோ வருவதற்கு வாய்ப்பு அதிகம். 1981இல் பாப் மார்லியின் உயிரைப் பறித்தது கால்விரல் நகத்தின் அடியில் தொடங்கிய மெலனோமா. எங்களுக்கு இந்த நோய் வராது என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பிரபலமான மறுப்பு இல்லை.

ஒரு பக்கம் என்றால் கவனியுங்கள்

மூக்கு மெலனோமா பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்களுக்கே வருகிறது. முதலில் காட்டுவது இரண்டு குறிகள்தான்: ஒரு பக்க மூக்கு அடைப்பு, அதே பக்கத்தில் அவ்வப்போது இரத்தம். தடிமனும் ஒவ்வாமையும் இரண்டு பக்கத்தையும் மாறிமாறிப் பிடிக்கும். கட்டி அப்படி இடம் மாறாது. இடது என்றால் இடதுதான், மாதக் கணக்கில்.

இரத்தம் வரும்போது நம் வீடுகளில் நடப்பது இன்னொரு கதை. அறுபது வயதுக்காரருக்கு மூக்கால் இரத்தம் வந்தால் "பிரஷர் கூடிட்டுது" என்பார்கள். அவர் அஸ்பிரினும் குடிக்கிறவராக இருந்தால் பழி அதன் தலையில் விழும். இரண்டுமே உண்மையான காரணங்களாக இருக்கலாம் என்பதால்தான் இது சிக்கல். மாத்திரையை நிறுத்தலாமா என்று யோசிப்பதற்கு முன், எந்தப் பக்கம் வருகிறது, ஒவ்வொரு முறையும் அதே பக்கமா என்று பார்த்து வையுங்கள். அஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், அது இதயத்துக்காகக் கொடுக்கப்பட்டது.

சிலருக்குச் சளி கறுப்பாக வரும். நிறமி கலந்த கசிவு அது. புறக்கோட்டையில் பகல் முழுக்க நின்று வேலை செய்கிறவருக்கும், பஸ் புகைக்குள் முச்சக்கர வண்டி ஓட்டுகிறவருக்கும் மாலையில் மூக்குச் சிந்தினால் கறுப்பாகத்தான் வரும். அது இரண்டு பக்கமும் வரும், முகம் கழுவி ஒரு நாள் வீட்டில் இருந்தால் போய்விடும். கறுப்பு என்றால் மெலனோமாதான் என்றும் இல்லை. கட்டுப்படாத நீரிழிவு உள்ளவருக்கு முக வலி, காய்ச்சல், கண் வீக்கத்தோடு மூக்கில் கறுத்த பொருக்குத் தெரிந்தால் அது மியூகோர்மைகோசிஸ் என்ற பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். அதற்குக் கிளினிக் நாள் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

இலங்கையில் இன்னொரு குழப்பமும் உண்டு. ரைனோஸ்போரிடியோசிஸ் என்று ஒரு தொற்று. குளத்தில் குளித்துப் பழகியவர்களின் மூக்கில் சிவந்த, சொரசொரப்பான, தொட்டால் இரத்தம் வரும் சதை வளரும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உலகின் மற்ற இடங்களைவிட இது அதிகம். வன்னியிலிருந்தோ அனுராதபுரத்திலிருந்தோ வந்தவரின் மூக்கில் இரத்தம் கசியும் சதையைப் பார்த்தால் வைத்தியர் முதலில் அதை நினைப்பது நியாயம். ஆனால் கண்ணால் பார்த்தே முடிவு சொல்லிவிட முடியாது. அகற்றிய சதை எதுவாக இருந்தாலும் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். "சதை வெட்டியாச்சு, சரி" என்று வீட்டுக்கு வந்தவர்கள் அறிக்கை வாங்கப் போகாமல் விடுவது நடக்கிறது. நான் ஒரே ஒரு அறிவுரைதான் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன்: மூக்கிலிருந்து எடுத்தது என்ன என்று எழுதிய தாள் கையில் வரும்வரை வேலை முடியவில்லை.

கட்டி சைனஸுக்குள் இருந்தால் மூக்கடைப்புக்கூட இல்லாமல் நாள் போகும். கன்னம் மரத்துப்போவது, மேல்பல் காரணமில்லாமல் ஆடுவது, ஒரு கண் முன்தள்ளுவது, ஒன்று இரண்டாகத் தெரிவது எல்லாம் கட்டி தன் அறையை விட்டு வெளியேறியதன் அடையாளங்கள்.

குழாய் காட்டுவதும் காட்டாததும்

இரண்டு மூன்று கிழமை தாண்டியும் ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, இரத்தம் என்றால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போக வேண்டிய நேரம். பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்கிற கொழும்பு தேசிய வைத்தியசாலையில் அந்தப் பிரிவு உண்டு, கட்டணமில்லை. வெளிநோயாளர் பிரிவில் காட்டி, துண்டு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகலாம். அவசரப்படுகிறவர்கள் தனியாரில் சனல் பண்ணிக் காட்டுவார்கள். எங்கே போனாலும் கேட்க வேண்டியது ஒன்று: கமரா விட்டுப் பார்த்தார்களா? டோர்ச் அடித்து மூக்குத் துவாரத்தைப் பார்ப்பது வாசலைப் பார்ப்பது மட்டும்தான்.

எண்டோஸ்கோப் என்கிற இந்தக் கமராக் குழாய்ப் பரிசோதனை, கேட்கும்போது வரும் பயத்துக்குத் தகுந்த அளவு வலிப்பதில்லை. முதலில் மரக்கவும் சவ்வைச் சுருக்கவும் மருந்தை மூக்கில் விசிறுவார்கள், அல்லது அதில் தோய்த்த பஞ்சை வைப்பார்கள். தொண்டைக்குள் கசப்பு இறங்கும், மேல்பற்கள் சற்று மரத்ததுபோல இருக்கும். ஐந்து பத்து நிமிடம் கழித்து, 4 மில்லிமீற்றர் அல்லது அதைவிட மெலிந்த குழாயை உள்ளே விடுவார்கள். கண் கலங்கும், தும்மல் வரப் பார்க்கும். திரையில் இளஞ்சிவப்பாக, ஈரமாகத் தெரிவது நல்ல சவ்வு. ஒவ்வாமையால் வளரும் பொலிப் என்ற சதை சாம்பல் வெள்ளையாக, ஒளி ஊடுருவுகிற மாதிரி இருக்கும், தொட்டால் இரத்தம் வராது. மெலனோமா பக்கச் சுவரிலோ நடுச்சுவரிலோ சதைத்து, குழாய் உரசினாலே கசியும். கறுப்பாகவோ கபில நிறமாகவோ இருந்தால் சந்தேகம் உடனே எழும். ஆனால் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு நிறமே இல்லாமல் வெறும் சிவந்த சதையாக இருக்கும். நிறம் இல்லாத நிறமிப் புற்றுநோய் ஒரு முரண்தான், ஆனால் வைத்தியர்களை ஏமாற்றுவது அதுதான்.

கட்டியைக் கண்டதும் அந்த இடத்திலேயே ஒரு துணுக்கை வெட்டி எடுக்கலாமே என்று தோன்றும். அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் முதலில் ஸ்கேன் எடுக்கவே சொல்வார்கள். மூக்கில் தொங்குவது எல்லாம் சதை அல்ல. மூளையின் உறை மண்டையோட்டு ஓட்டை வழியாகக் கீழிறங்கியும் அப்படித் தெரியும். இரத்தக் குழாய்கள் நிறைந்த கட்டி என்றால் வெட்டிய பிறகு இரத்தத்தை நிறுத்துவது பெரும்பாடு.

சி.டி. ஸ்கேன் எலும்பைக் காட்டும். எங்கே அரிக்கப்பட்டிருக்கிறது, கண்குழியின் மெல்லிய சுவர் முழுதாக இருக்கிறதா என்பதற்கு அது. எம்.ஆர்.ஐ. மென்மையான பகுதிகளுக்கு. கட்டி எது, கட்டி வழியை மறைத்ததால் பின்னால் தேங்கிய சளி எது என்று பிரித்துச் சொல்வது எம்.ஆர்.ஐ.தான். சி.டி.யில் இரண்டும் ஒரே சாம்பல். மெலனின் நிறமிக்கு ஒரு காந்தக் குணம் இருப்பதால் டி1 என்ற வகைப் படத்தில் நிறமுள்ள மெலனோமா வெளிச்சமாகத் தெரியும், மற்றக் கட்டிகள் அப்படித் தெரிவது குறைவு. அறிக்கை எழுதுகிற கதிரியல் வைத்தியர் அந்த ஒரு வரியில் மெலனோமாவைச் சந்தேகிக்க முடியும். ஆனால் நிறமில்லாத கட்டியிலும், உள்ளே இரத்தம் கசிந்த வேறு கட்டிகளிலும் இந்தக் குறி வழிதவற வைக்கும்.

இறுதிச் சொல் நுண்ணோக்கியின் கீழேதான். அங்கும் சும்மா விடாது. வழமையான நிறமூட்டலில் இது நீலமாக, சிறிய வட்டக் கலங்களின் கூட்டமாகத் தெரியலாம். நிணநீர்ப் புற்றுநோயும், மணமறியும் நரம்பில் வரும் கட்டியும், மூக்குக்கே உரிய மூர்க்கமான சில புற்றுநோய்களும் அதே தோற்றத்தில் வரும். சிகிச்சையோ ஒவ்வொன்றுக்கும் வேறு. அதனால் புரதங்களைத் தேடிப் பிடிக்கிற நிறமூட்டல்களைச் செய்கிறார்கள்: எஸ்-100, சொக்ஸ்-10, எச்.எம்.பி.-45, மெலன்-ஏ. இவை பிடித்தால் மெலனோமா. இதில் ஆய்வுகூடக்காரர்களின் ஒரு கைவேலை உண்டு. இந்த நிறமூட்டல் பொதுவாகக் கபில நிறத்தில் தெரியும், மெலனினும் கபிலம். கட்டியில் நிறமி நிறைய இருந்தால் சாயம் எது, நிறமி எது என்று தெரியாது. அப்போது சிவப்புச் சாயத்துக்கு மாறுவார்கள், இல்லையென்றால் நிறமியை வெளுக்க வைத்துவிட்டுச் சாயம் போடுவார்கள். அறிக்கை தாமதமாகிறதே என்று கவுண்டரில் சண்டை பிடிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. இழையத்தைப் பதித்த மெழுகுக் கட்டியும் கண்ணாடித் தகடுகளும் ஆய்வுகூடத்தில் இருக்கும். வேறொரு நிபுணரின் கருத்து வேண்டுமென்றால் அவற்றைக் கேட்டு வாங்கலாம், மறுபடி வெட்டத் தேவையில்லை.

உடலில் வேறெங்காவது தொடங்கிய மெலனோமா மூக்குக்கு வந்து சேர்ந்திருக்கவும் கூடும், அரிதாக. அதனால் தோல், உள்ளங்கால், நகம், கண் எல்லாம் பார்ப்பார்கள். பிறகு நெஞ்சு, ஈரல், மூளை. பெட் ஸ்கேன் உடலை முழுதாக ஒரே தடவையில் பார்த்துவிடும். மகரகம அபேக்ஷா புற்றுநோய் வைத்தியசாலையின் பெட் ஸ்கேன் இயந்திரம், கதீஜா அறக்கட்டளை பொதுமக்களிடம் திரட்டிய பணத்தால் வாங்கப்பட்டது. அரச வைத்தியசாலையில் வேறு யாரோ போட்ட பணம் நமக்குப் படம் எடுக்கிறது என்பதைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை.

மூன்றிலிருந்து தொடங்கும் எண்

அறிக்கையைப் பார்த்துவிட்டு வீட்டார் முதலில் கேட்பது "எத்தனையாவது நிலை?" என்பதுதான். தோல் மெலனோமாவில் எத்தனை மில்லிமீற்றர் ஆழம் இறங்கியிருக்கிறது என்று அளந்து கட்டியின் அளவெண்ணைச் சொல்வார்கள். மூக்குச் சவ்வில் அப்படி அளக்க அடுக்குகள் இல்லை. உலகம் முழுக்கப் பின்பற்றப்படும் அமெரிக்கப் புற்றுநோய்க் கூட்டுக்குழுவின் வகைப்பாட்டில், உட்சவ்வு மெலனோமாவுக்கு டி1, டி2 என்ற அளவுகளே கிடையாது. எவ்வளவு சிறிய கட்டியானாலும் டி3இல்தான் தொடங்கும். எலும்பு, குருத்தெலும்பு, தோல், ஆழ்ந்த சதை என்று இறங்கினால் டி4ஏ. மூளை, மண்டையோட்டின் அடித்தளம், பெரிய கழுத்து நாடி என்று பிடித்தால் டி4பி. "மூன்று என்று எழுதியிருக்கிறதே, பாதிக்கு மேல் போய்விட்டதா?" என்று உடைந்துபோகிறவர்களுக்கு இதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். சிறிய கட்டியும் கடுமையாக நடந்துகொள்ளும் என்பதற்கான எண் அது, வளர்ந்த அளவுக்கான எண் அல்ல.

கடுமை பற்றி மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. ஐந்து ஆண்டு கடந்து உயிரோடு இருப்பவர்கள் பெரும்பாலான ஆய்வுத் தொகுப்புகளில் 100க்கு 20 முதல் 30 பேர். புதிய மருந்துகள் வருவதற்கு முன் சேர்ந்த கணக்கும் இதில் நிறைய உண்டு.

வெட்டு, கதிர், மருந்து

முதல் சிகிச்சை சத்திரசிகிச்சை. கட்டியைச் சுற்றி நல்ல இழையம் கொஞ்சம் சேர்த்து முழுதாக எடுக்க வேண்டும். தோலில் என்றால் தாராளமாக வெட்டலாம். மூக்குக்கு மேலே மூளை, பக்கத்தில் கண், கீழே மேல்வாய். தாராளம் காட்ட இடமில்லாத இடம் அது. முன்பு மூக்கின் பக்கத்தில் கீறி முகத்தைத் திறந்துதான் செய்தார்கள். இப்போது பொருத்தமான கட்டிகளை மூக்கு வழியாகவே எண்டோஸ்கோப்பால் எடுக்கிறார்கள், தேர்ந்தெடுத்த நோயாளிகளில் பலன் குறையவில்லை. முகத்தில் தழும்பு இல்லை என்பதற்காக அதைச் சின்ன ஒபரேஷன் என்று எண்ணிவிட வேண்டாம். உள்ளே எடுக்கிற அளவு அதேதான். பிறகு மாதக் கணக்கில் மூக்கில் பொருக்குக் கட்டும், உப்பு நீரால் நாள்தோறும் கழுவ வேண்டும். மேல்தாடை எலும்பை எடுக்க நேர்ந்தால் வாய்க்கும் மூக்குக்கும் இடையே திறப்பு ஏற்படும். அதை அடைக்கத் தட்டு ஒன்று செய்து கொடுப்பார்கள். அது இல்லாமல் தேத்தண்ணி குடித்தால் மூக்கால் வரும், பேச்சும் விளங்காது. இதைச் சத்திரசிகிச்சைக்கு முன்பே பல் வைத்தியரோடு பேசித் திட்டமிட வேண்டும். கழுத்தில் நெறி கட்டாதவர்களுக்குக் கழுத்தைத் திறந்து நெறிகளை எடுப்பது வழமையில் இல்லை.

அதன்பின் கதிர்ச் சிகிச்சை. திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் சில நிமிடங்கள், பொதுவாக ஆறு கிழமை, மொத்தம் 60 கிரே (கதிரை அளக்கும் அலகு) அளவில். புறக்கோட்டையிலிருந்து 138 பஸ்ஸில் மகரகமவுக்குப் போய்வரக் கூடியவர்களுக்கு இது சமாளிக்கக் கூடிய அலைச்சல். ஹட்டனிலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வருபவருக்குத் தங்குமிடமே முதல் கவலை. சிகிச்சைத் தேதி குறிக்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். கதிர் என்ன செய்யும் என்பதில் தெளிவு வேண்டும். கட்டி அதே இடத்தில் திரும்பி வருவதை அது குறைக்கிறது. ஆயுளை நீட்டுகிறது என்று ஆய்வுகள் உறுதியாகக் காட்டவில்லை. காரணம், இந்த நோயில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் மூக்கில் இருக்கும் கட்டி அல்ல, நுரையீரலுக்கும் ஈரலுக்கும் எலும்புக்கும் போன கலங்கள். அப்படியென்றால் ஏன் கதிர் என்று கேட்கலாம். கண்ணுக்கும் மூளைக்கும் பக்கத்தில் கட்டி திரும்பி வளர்ந்து வலியும் இரத்தப் பெருக்கும் தருவதைத் தடுப்பதே போதுமான காரணம் என்பேன்.

தூரப் பரவிய கலங்களைத் துரத்த மருந்து தேவை. பழைய கீமோதெரபி மெலனோமாவில் பெரிதாகச் சாதிக்கவில்லை. 2011க்குப் பிறகு வந்த நோயெதிர்ப்பு மருந்துகள்தான் படத்தை மாற்றின. புற்றுக்கலம் நம் நோயெதிர்ப்புக் கலத்துக்குப் போட்டிருக்கும் பிரேக்கை இவை எடுத்துவிடுகின்றன. அந்தக் கண்டுபிடிப்புக்கு ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹொன்ஜோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். ஆனால் தோல் மெலனோமாவின் வெற்றிக் கதைகளை அப்படியே மூக்குக்குக் கொண்டுவரக் கூடாது. 2017இல் வெளியான ஒரு கூட்டுப் பகுப்பாய்வில், இந்த மருந்துகளில் ஒன்றான நிவோலுமாப்பைத் தனியாகக் கொடுத்தபோது தோல் மெலனோமாவில் 100க்கு 41 பேருக்குக் கட்டி சுருங்கியது, உட்சவ்வு மெலனோமாவில் 23 பேருக்கு. அதே வகையைச் சேர்ந்த இப்பிலிமுமாப்பையும் சேர்த்தபோது 60க்கு எதிராக 37. குறைவுதான், ஆனால் முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் சிறிதல்ல. பிரேக் எடுத்த எதிர்ப்புச் சக்தி குடல், தைரொயிட், ஈரல், நுரையீரல் எதையும் தாக்கலாம். இந்த மருந்தில் இருக்கும்போது வயிற்றோட்டம் வந்தால் பார்மசியில் குளிசை வாங்கிப் போட்டுவிட்டு இருக்கக் கூடாது, கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும்.

மரபணுப் பரிசோதனையும் கேளுங்கள். தோல் மெலனோமாவில் அடிக்கடி காணும் பிராஃப் என்ற மரபணு மாற்றம் இங்கே அரிது. கிட் என்ற மரபணுவில் மாற்றம் உள்ள சிறு பகுதியினருக்கு, இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் இமாட்டினிப் மாத்திரை கைகொடுக்கக் கூடும். நோயெதிர்ப்பு மருந்துகளின் விலை எந்த நாட்டிலும் சாதாரணக் குடும்பம் தாங்கக் கூடியதல்ல. காணியை விற்பதற்கு முன், அரச விநியோகத்தில் கிடைக்குமா, கிடைத்தால் எத்தனை மாதத்துக்கு, இந்த நோயாளிக்கு எதிர்பார்க்கக் கூடிய பலன் என்ன என்று புற்றுநோய் வைத்தியரிடம் நேராகக் கேட்க வேண்டும். அவர் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சொல்வது விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள். டயக்னோசிஸ் கார்டை வீட்டில் பூட்டி வைக்காமல் ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள், அடுத்த வைத்தியர் உங்கள் கதையைத் தொடங்குவது அதிலிருந்துதான்.

சிகிச்சை முடிந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நோய் திரும்ப வாய்ப்பு அதிகம். அந்தக் காலத்தில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கமராவும், இடையிடையே எம்.ஆர்.ஐ.யும், நெஞ்சு வயிற்று ஸ்கேனும் எடுப்பார்கள். கதிர் பட்ட கண்ணில் புரை விழலாம், தைரொயிட் பார்க்க வேண்டி வரலாம், பல்லைப் பிடுங்குவதென்றால் முன்கூட்டியே கேட்டுச் செய்ய வேண்டும். மூக்கில் மட்டும் திரும்பி வந்தால் மறுபடி வெட்டி எடுப்பது சிலருக்குச் சாத்தியம். வேறிடம் பரவியிருந்தால் மருந்து. மருந்தும் கேட்காத கட்டத்தில் கசிகிற கட்டிக்கு நாலைந்து நாள் கதிர் கொடுத்து இரத்தத்தை நிறுத்தலாம். வலிக்கு மோர்ஃபின் உண்டு, அதை அஞ்சி ஒதுக்க வேண்டியதில்லை.